பூசையன்று எடுத்த ஸ்பேனர்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு கடிதம் எழுதினாலே இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதைத்தான் தபால்பெட்டிக்கு அனுப்புவேன். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எழுதப்போகும் காரியத்துக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

காரியம் இதுதான்: ஒரு மோட்டார் சைக்கிள் செயின் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும் என்பது. "இதுல எழுத என்ன இருக்கு?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஒன்றும் இல்லாததற்கா அன்று தெருவே திரண்டு நின்றது என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கம்பம் ஊரில் மெயின் ரோட்டில் எங்களுக்குச் சைக்கிள் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. பகலில் அந்தத் திரையைத் தாண்டி நான் முன்னால் போனதில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. எனக்குத்தான் ஆண்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில் கால் பின்னும், வார்த்தை வராது. ஆனால் வேலை திரையைத் தாண்டி என்னிடம் வரும். வளைந்த சக்கரங்களை அவர் உள்ளே தள்ளிவிடுவார். கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் கோணலை நிமிர்த்தி, பெண்டு எடுப்பது நான். செயினில் கண்ணி கழற்றிச் சேர்ப்பதும் நான். உலை கொதிப்பதற்குள் ஒரு சக்கரம் முடித்துவிடுவேன். கம்பத்தில் ஓடிய சைக்கிள்களில் பாதி என் கைபட்டவை. அது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

என் கொழுந்தனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. பாரவண்டி குடைசாய்ந்து வலது முழங்காலில் விழுந்ததிலிருந்து அந்தக் கால் மடங்காது. நாற்றங்காலில் குனிய முடியாது, மலை ஏற முடியாது, சைக்கிள்கூட மிதிக்க முடியாது. எங்கள் ஊரில் இந்த மூன்றும் முடியாத ஆணுக்கு வேலை கிடையாது. அவர் நாள் முழுக்கக் கடைவாசலில் உட்கார்ந்து டயர்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல மதினி" என்பார். வேலை செய்யாதவனுக்குப் பசிப்பது தப்பு என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அப்போதுதான் ராணுவம் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று மதுரையிலிருந்து எங்களுக்கு வந்தது. அதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர் பஸ் ஷெட்டில் வேலை பார்த்த மேஸ்திரி. யுத்தகாலத்தில் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். பச்சைப் பெயின்ட் அடித்த வண்டி. கூடவே எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரே ஒரு மாற்றுச் செயின். உதைத்துக் கிளப்புவதை மட்டும் யாராவது செய்துகொடுத்தால், கால் மடங்காத என் கொழுந்தன் அந்த வண்டியை ராஜா மாதிரி ஓட்டினார்.

கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட். அங்கே தபால் பையும் ஆஸ்பத்திரி மருந்தும் தினமும் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு மட்டக்குதிரைக்காரர். மோட்டார் சைக்கிளில் பாதி நேரத்தில் வந்துவிடும் என்று எஸ்டேட்டில் கெடு வைத்து அந்த வேலையை என் கொழுந்தனுக்குக் கொடுத்தார்கள். ஐப்பசி முடியும்வரை ஒரு நாளும் தவறாமல் ஓட்டிக்காட்டினால் வேலை நிரந்தரம். அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

முதல் செயினை மாட்டியவர் மேஸ்திரி. எங்கள் பக்கத்து ஆண்கள் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை வடத்தையும் வண்டிக் கயிற்றையும் பார்த்தே வளர்ந்தவர்கள். வடம் தொய்ந்தால் மாடு பூட்டியவனை ஊர் சிரிக்கும். பாரம் கட்டிய கயிறு தொய்ந்தால் வைக்கோல் பாதி வழியிலேயே இறங்கிவிடும். இறுக்கம் என்றால் நல்ல வேலை, தொய்வு என்றால் சோம்பேறித்தனம் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. மேஸ்திரியும் செயினை வீணைக் கம்பி மாதிரி இழுத்து வைத்து, விரலால் தட்டிக் காட்டி, "கேட்டியா சத்தத்த?" என்றார்.

திரைக்குப் பின்னால் இருந்து நானும் கேட்டேன். எனக்கு அது நல்ல சத்தமாகப் படவில்லை. ஏனென்றால் சைக்கிள் செயினைப் பல வருஷம் கையில் வைத்துப் பார்த்தவள் நான். பல் சக்கரம் பார்வைக்குத்தான் வட்டம். எங்கேயாவது ஒரு மயிரிழை கோணியிருக்கும். செயினும் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் செயின் தொங்கும், இன்னோர் இடத்தில் விறைக்கும். விறைக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேதான் தொய்வைப் பார்க்க வேண்டும். தொங்குகிற இடத்திலேயே இறுக்கி வைத்தால், விறைக்கிற இடம் வரும்போதெல்லாம் செயின் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். இது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்து மேஸ்திரியிடம் சாக்குத் திரை பேசுமா?

ஒன்பதாம் நாள் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் செயின் அறுந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு மடங்காத காலோடு அவர் கீழே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தபால் மறுநாள்தான் போனது. எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டர் மலையாளி. நல்ல மனுஷர்தான், ஆனால் கணக்கானவர். "இனி ஒரு பிராவசியம் முடங்கியா குதிர மதி" என்று சொல்லி அனுப்பினார். இன்னொரு தடவை தவறினால் குதிரையே போதும் என்று அர்த்தம்.

அறுந்த செயினை அன்று என் முந்தானையில் வாங்கி வைத்துக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரு செயின் போயிற்று. மிச்சம் இருப்பது ஒன்று. அது போனால் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் வேறு கிடைக்காது. அதோடு அந்த மனுஷன் மறுபடியும் வாசலில் உட்கார்ந்து, பசிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மாற்றுச் செயினை நான் மாட்டினேன். பின்கட்டில், கொழுந்தன் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, விறைக்கிற இடத்தைப் பிடித்து, அங்கே செயின் மேலும் கீழுமாக ஒரு விரல் அகலம் ஆடுகிற மாதிரி வைத்தேன். மழை வந்தால் மெட்டுப் பாதையில் செம்மண் சேறு பல்லுக்குள் அடைந்து செயினை மேலும் இழுக்கும் என்பதால் இன்னும் அரை விரல் கூட்டினேன். பின்சக்கரம் கோணாமல் இருக்கிறதா என்று இரண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். ஆக்சில் நட்டை முடுக்கும்போது செயின் கொஞ்சம் இறுகும். அதனால் முடுக்கிய பிறகும் ஒரு தடவை அளந்தேன். வண்டி பதினைந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் மலை ஏறி இறங்கியது.

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. கடைக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் குனிந்து கட்டைவிரலால் செயினை ஓர் அமுக்கு அமுக்குவார்கள்.

"ஏலே, என்னா செயினு இது, பாம்படம் போட்ட கெழவி காது மாதிரி தொங்குது?"

"வண்டியே தூங்கி விழுகுது போல."

மட்டக்குதிரைக்காரர் தினமும் காலையில் குதிரையோடு கடைமுன்னால் வந்து நிற்பார். வேலை போன வருத்தம் இருந்தாலும் வாய் குறையாது. "எங் குதிரைக்கும் ஒரு செயினு உண்டுப்பா. கழுத்து மணியில கெடக்கு. அது அறுந்தாலும் குதிர நடக்கும்" என்பார். கொழுந்தன், "உங்க குதிரைக்கு பிரேக்கே வேணாம்ணே, அதுவா பாதியில நின்னுக்கிரும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். திரைக்குப் பின்னால் நானும் சிரிப்பேன்.

செயினைத் தொய்வாக வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கொழுந்தன்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

எங்கள் தெருவில் ஆயுத பூசை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. முதல் நாளே வண்டிகளைக் கழுவி, கயிறுகளைப் புதிதாக இழுத்துக் கட்டி வைப்பார்கள். பூசையன்று எந்தக் கருவியும் தொய்ந்து கிடக்கக் கூடாது, எல்லாம் விறைப்பாக நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம். மத்தியானம் பூசை போட்டுவிட்டால் மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறுபூசை போடும்வரை ஒரு திருப்புளியைக்கூடத் தொடக்கூடாது; எலுமிச்சம்பழம் நசுக்கிய வண்டி மட்டும் ஓடலாம். தொட்டால் அந்த வருஷம் கை விளங்காது என்பார்கள்.

அன்று நான் உள்ளே சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடையில் மேஸ்திரி குரல் கேட்டது. பூசைக்கு வந்திருக்கிறார், சந்தோஷம் என்று நினைத்தேன். மணி அடித்தது, கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதற்காகக் கொழுந்தன் வண்டியை மெல்ல உருட்டினார்.

டிக். சற்று நிசப்தம். மறுபடியும் டிக்.

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. விறைத்த செயின் பல்லில் ஏறி இறங்குகிற சத்தம் அது. தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டு திரை வரைக்கும் போனேன். இடைவெளி வழியாகப் பார்த்தேன். வண்டிக்குத் திருநீறு, குங்குமம், மாலை எல்லாம் போட்டிருந்தது. செயின் முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள். அடியில் தொய்வே இல்லை. கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது.

மேஸ்திரி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பூசைக்குன்னு காலையில தம்பி குளிக்கப் போனப்ப நானே வந்து இழுத்து வச்சேன். இப்பத்தான் வண்டி வண்டி மாதிரி இருக்கு. இத்தன நாளு என்னா கோலத்துல விட்டிருந்தீக?"

என் வீட்டுக்காரர், "நீங்க செஞ்சா சரிதாண்ணே" என்றார்.

கொழுந்தன் வண்டியை உருட்டுவதை நிறுத்தினார். செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு அந்த மூன்றாவது வளைவு ஞாபகம் வந்தது.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைக்குள் ஏழெட்டுப் பேர், வாசலில் பத்துப் பேர். சுண்டல் தட்டைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன்: "செயின தளத்தணும்."

"என்னது?"

"ரொம்ப இறுக்கமா இருக்கு. சந்தனம் வேற கண்ணிக்குள்ள காயுது. காலையில ஆறு மணிக்குத் தம்பி கெளம்பணும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு மறுபூச. அப்புறமா எடுத்துப் பாப்போம்."

"தபால் ஆறு மணிக்கு."

மேஸ்திரி என்னை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எனக்கு ஆகவில்லை. "ஏத்தா, செயினுன்னா இறுக்கமாத்தான் இருக்கணும். நீ போயி சுண்டலக் குடு. பட்டாளத்துல நான் எத்தன வண்டி பாத்திருக்கேன் தெரியுமா?"

"நீங்க பாத்தது லாரிண்ணே. லாரியில செயினு கெடையாது" என்றேன்.

வாசலில் மட்டக்குதிரைக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. சுவரோரம் மனைப்பலகையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கருவிகள் எல்லாம் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. குனிந்து, ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனரை எடுத்தேன். அதன்மேல் இருந்த பூ தரையில் விழுந்தது.

"ஐயையோ!" என்று யாரோ கத்தினார்கள். "பூசையில வச்சத எடுக்குறா பாரு." "ஏம்ப்பா, நீ பாத்துக்கிட்டா நிக்கிற?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "வச்சிரு" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் சொல்லை நான் தட்டியதில்லை. "வைக்க மாட்டேன்" என்றேன்.

வண்டியிடம் உட்கார்ந்து மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே, செயினுக்கு அடியில இங்கன ஒரு வெரல வச்சு மேல அமுக்குங்க."

வர மாட்டார் என்று நினைத்தேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வந்தார். அமுக்கினார். செயின் கொஞ்சம் ஏறியது.

"ஏறுதுல்ல? இதுக்கென்ன இப்ப?" என்றார்.

"வெரல எடுக்காதீக. தம்பி, வண்டிய உருட்டுங்க."

கொழுந்தன் அங்குலம் அங்குலமாக உருட்டினார். டிக். "இப்ப அமுக்குங்க" என்றேன். மேஸ்திரி அமுக்கினார். விரல்நுனி வெளுத்தது. செயின் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். அசையவே இல்லை.

மேஸ்திரி விரலை எடுத்து வேட்டியில் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரு பொம்பளை சொல்லி ஒத்துக்கொள்வது அவருக்கு எப்படி முடியும்? "சரி, விறைக்குது. அதுக்குப் பூசையன்னிக்கு ஆயுதத்தத் தொடலாமா? நாளைக்கு மலையில ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்பு?" என்றார்.

"நான் பொறுப்பு. அறுந்தா ஊரே என்னக் காறித் துப்பட்டும். அறுகலைன்னா நீங்க இந்த வண்டியத் தொடக்கூடாது."

"ஏண்டா, இவளத்தான் கேக்கப்போறியா?" என்று மேஸ்திரி கொழுந்தனிடம் திரும்பினார்.

எல்லாருடைய கண்ணும் அவர்மேல். சாமிக்குப் பயந்தவர்தான் அவரும். வண்டி வாங்கிக் கொடுத்தவர் முன்னால் நிற்கிறார், அண்ணன் முறைத்துக்கொண்டு நிற்கிறார். வேலை போனால் போகப்போவது அவருடையது, என்னுடையது அல்ல. அவர் மடங்காத காலை நீட்டியபடி மெல்லத் தரையில் உட்கார்ந்து, பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க மதினி, எம்புட்டுச் சுத்தணும்?"

நட்டைத் தளர்த்தினேன். இழுப்பு போல்ட்டுகளை இரண்டு பக்கமும் ஒரே கணக்காகத் திருப்பினேன். அடுப்படியிலிருந்து சீமெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து, பழைய துணியில் நனைத்து, கண்ணி கண்ணியாகச் சந்தனத்தைக் கழுவினேன். "சாமி சந்தனத்தக் கழுவுறியே, நீ வெளங்குவியா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். கழுவிக்கொண்டேதான் இருந்தேன். சாமி நெற்றிக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செயினுக்கு எண்ணெய்தான் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள முடியாத சாமியை நான் கும்பிடவில்லை.

விறைக்கிற இடத்தில் ஒன்றரை விரல். நூல் பிடித்துப் பார்த்தேன். முடுக்கினேன். மறுபடியும் அளந்தேன். முன்னால் நகர்ந்த பின்சக்கரத்துக்குத் தக்கபடி பிரேக் கம்பியையும் சரிசெய்தேன். அதற்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். சுண்டலை ஒருவரும் தொடவில்லை. ஸ்பேனரைத் துடைத்து, மறுபடியும் பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். உள்ளே போனதும் அழுதேன். பயத்தில் அழவில்லை, அத்தனை பேர் பார்த்ததில் வந்த வெட்கம்.

அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்குத் தெருவில் என்ன நடந்தாலும் பழி என்மேல்தான். எதிர்க்கடைக்காரர் வீட்டில் அடுப்பு புகைந்தாலும், யார் வீட்டுக் கோழி செத்தாலும், "பூசையில ஸ்பேனர் எடுத்தாள்ல" என்பார்கள். மேஸ்திரி எங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வளைந்த சக்கரம் ஒன்றைத் திரைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அதை அப்படியே திருப்பித் தள்ளினேன். "கடையில வச்சே செய்யறேன்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முக்காலி ஒன்றை எடுத்து மூலையில் போட்டார். அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் பிறகு எல்லாம் செய்தேன். கூச்சம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் யாராவது புதிதாக வந்து நின்றால் தலை தானாகக் குனிகிறது. குனிந்த தலையோடும் ஸ்பேனர் பிடிக்கலாம்.

பூசைக்கு மறுநாள் கொழுந்தன் ஆறு மணிக்குக் கிளம்பினார். வழியெல்லாம் மழை. பத்தே காலுக்குத் திரும்பி வந்து வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். செயின் அறுபடவில்லை. சேறு அப்பியிருந்தது, கழுவி எண்ணெய் விட்டேன். அவர் தானாகவே கேட்டு வாங்கிப் பழைய சோறு சாப்பிட்டார்.